அங்கே ராத்திரி ஆகட்டும்

எங்கள் ஆபீஸில் யாருக்கும் பல் வலிக்கக் கூடாது. வலித்தால், நிலாவில் ராத்திரி ஆகும்வரை தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஐரோலியில் நாங்கள் வேலை பார்த்த அறையில் அதுதான் நடைமுறை. நிலாவில் ஒரு பகல் என்றால் நமக்கு ஏறக்குறைய இரண்டு வாரம். அந்த இரண்டு வாரமும் அங்கே எங்கள் ரோவர் வண்டி ஊர்ந்து ஊர்ந்து போய்ப் படம் அனுப்பும். நாங்கள் அதைப் பார்த்து எது மேடு, எது பள்ளம், நாளைக்கு எந்தக் கல்லின் பக்கத்தில் போய் நிற்கலாம் என்று எழுதிக் கொடுப்போம். வண்டியை ஓட்டுகிறவர்கள் வேறு ஊரில் இருந்தார்கள். அவர்களுக்குக் கை, எங்களுக்குக் கண். பிறகு அங்கே இருட்டும். வண்டி தூங்கும். அந்த இரண்டு வாரம்தான் நாங்கள் மனுஷ ஜென்மமாக நடமாடுவோம்.

அதனால் எல்லாவற்றையும் ராத்திரிக்குத் தள்ளிவைப்போம். பிள்ளைக்கு ஸ்கூல் அட்மிஷன், சொந்தக்காரர் வீட்டு விசேஷம், ரத்தப் பரிசோதனை, எல்லாமே. யார் என்ன சொன்னாலும் “அங்கே ராத்திரி ஆகட்டும், பார்த்துக்கலாம்” என்பதுதான் பதில். என் வீட்டுக்காரரோடு போடுகிற சண்டையைக்கூடப் பாதியில் நிறுத்தி ராத்திரிக்கு ஒதுக்கியிருக்கிறேன். ராத்திரி வந்ததும் எதற்குச் சண்டை போட்டோம் என்று இரண்டு பேருக்கும் மறந்திருக்கும்.

அம்மாவுக்குத்தான் இது பொறுக்கவில்லை. அம்மா இன்னும் தாராவியில் இருக்கிறாள். நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்து வேதக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச்சுக்கு வருவேனா மாட்டேனா என்று தெரிந்துகொள்ள அம்மா பக்கத்து வீட்டுக்குப் போய்த் தினசரிக் காலண்டரைப் பார்த்துவிட்டு வருவாள். அமாவாசை கழிந்து சில நாளில் எங்கள் வண்டி இருக்கும் இடத்தில் விடியும், பௌர்ணமி கழிந்து சில நாளில் இருட்டும். இதை ஒரு தடவை சொன்னதுதான், அம்மா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

“ஆராதனைக்கு வர அமாவாசை பாக்குறவ ஒலகத்துலயே நீ ஒருத்திதாம்ளா” என்பாள் போனில். “பாஸ்டர் கேட்டா நான் என்னத்தச் சொல்ல?”

எனக்குச் சிரிப்பு வரும். மறைப்பானேன், கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும். தாராவிச் சந்தில் தண்ணீருக்கு வரிசையில் நின்ற பெண் இன்றைக்கு நிலாவுக்கு வழி சொல்கிறாள் என்றால் சும்மாவா.

எங்கள் அறைக்குத் தலைமை மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த ஒரு அம்மாள். அறுபதை நெருங்குகிறவர். கணவர் போய்விட்டார், ஒரே மகன் வெளிநாட்டில். ஆபீஸ் வண்டி முதலில் மாட்டுங்காவில் அவரை ஏற்றிக்கொண்டு, பிறகு செம்பூரில் என்னை ஏற்றும். சேர்ந்த புதிதில் வண்டியில் வாய் தவறி “மாமி” என்று கூப்பிட்டுவிட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தவர் மெதுவாக என்னைப் பார்த்தார்.

“வண்டியில மாமி. ஆபீஸ்ல மேடம். மாத்திக் கூப்பிட்டே, வாஷி பாலத்துல இறக்கி விட்டுடுவேன்.”

அன்றிலிருந்து அப்படியே. டிரைவர் பையாவுக்குத் தமிழ் ஒரு எழுத்து தெரியாது. ஆகவே வண்டிக்குள் நாங்கள் இரண்டு பேரும் ஊர் உலகத்தையே கிழித்துத் தொங்கப்போடுவோம். அவர் என் பேச்சைக் கேட்டு “அது என்னடி, சொல்லுதேன் பாக்கேன்” என்று பழிப்பார். நான் அவருடைய “பண்ணிண்டு, போயிண்டு”க்கு இழுத்து ராகம் போடுவேன். ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை.

வேலை என்று வந்தால் அவரிடம் விளையாட முடியாது. நிழல் பார்ப்பதில் அவருக்கு நிகர் எங்கள் அறையில் யாரும் இல்லை. நிலாவில் எங்கள் வண்டி இறங்கிய இடத்தில் சூரியன் எப்போதும் தாழ்வாகவே இருக்கும், சின்னக் கல்லுக்குக்கூட நீள நிழல். அந்த நிழல் எங்கே வளைகிறது, எங்கே அறுந்து நிற்கிறது என்று பார்த்தே தரை எப்படிச் சரிகிறது என்று சொல்லிவிடுவார். நான் எத்தனையோ தடவை கணக்குப் போட்டுச் சரிபார்த்திருக்கிறேன். அவர் சொன்னதுதான் வரும்.

இதற்கு முன்னால் வேறொரு நிலா வண்டிக்கும் அவர் இதே வேலை செய்திருக்கிறார். அது முதல் ராத்திரிக்குத் தூங்கப் போனதோடு சரி. “எழுந்துக்கவே இல்லடி” என்று ஒரு நாள் சொன்னார். “நிறுத்தற இடத்தை அப்போ என்னை யாரும் கேக்கலை. கேட்டிருந்தா அந்த இடத்தைச் சொல்லியிருக்க மாட்டேன்.” இரண்டு வாரக் குளிரில் வண்டி விறைத்துக் கிடக்கும். விடிந்ததும் முதல் வெயில் அதன் சூரியத் தகட்டில் நேராக விழ வேண்டும். அதற்குக் கிழக்கே பார்த்த சரிவாக, பக்கத்து மேட்டின் நிழல் விழாத இடமாகப் பார்த்து நிறுத்த வேண்டும். இந்த வண்டிக்கு ஒவ்வொரு ராத்திரியும் அந்த இடத்தை அவரே பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது அவர் எண்ணம். எனக்கு அது நன்றாகவே தெரியும்.

அப்படி ஒரு நிலாப் பகல் தொடங்கிய புதிதில் ஒரு காலை, ஆபீஸ் வண்டியில் போய்க்கொண்டிருக்கும்போது மாமி ஜன்னல் பக்கம் பார்த்து, “மழை வரப்போறதோ? மின்னல் வெட்டறதே” என்றார். நான் எட்டிப் பார்த்தேன். பளிச்சென்று வெயில்.

“மாமி, ராத்திரி தூங்கலையா?”

“தூங்கினேனே” என்றார்.

பிறகு ஒரு நாள் ஏசி அறைக்குள் உட்கார்ந்துகொண்டு முகத்துக்கு நேரே கொசு விரட்டினார். இந்தக் குளிரில் கொசு எங்கிருந்து வரும் என்று கேட்டேன். “உனக்குத் தெரியாது, ஒண்ணு என்னையே சுத்திண்டிருக்கு” என்றார். அறையே சிரித்தது, அவரும் சிரித்தார். இன்னொரு நாள் டீயைக் கப்புக்குப் பக்கத்தில் ஊற்றினார். வலது தோளைக் கண்ணாடிக் கதவில் இடித்துக்கொண்டார். வயசாகிறது, அசதி என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம். எங்களுக்குமே அந்த நாட்களில் கண்ணும் தலையும் ஒரு நிலையில் இருக்காது.

ஆழம் பார்ப்பதற்கு எங்களிடம் ஒரு அட்டைக் கண்ணாடி உண்டு. இடது பக்கம் சிவப்புத்தாள், வலது பக்கம் நீலத்தாள். வண்டிக்கு இரண்டு கேமரா, மனுஷனுக்கு இரண்டு கண் மாதிரி. ஒன்று எடுத்த படத்தைச் சிவப்பிலும் இன்னொன்று எடுத்ததை நீலத்திலும் ஒன்றன்மேல் ஒன்று போட்டிருப்பார்கள். கண்ணாடி போட்டுப் பார்த்தால் பள்ளம் உள்ளே போகும், கல் வெளியே எழும்பி நிற்கும். இரண்டு கண்ணும் சேர்ந்து பார்த்தால்தான் இந்த வித்தை. கண்ணாடியைத் திருப்பிப் போட்டுக்கொண்டால் எல்லாம் தலைகீழாகிவிடும். பள்ளம் குன்றாகும், குன்று குழியாகும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வேண்டுமென்றே திருப்பிக் கொடுத்து, அவர்கள் “பாப்ரே, எவ்வளவு பெரிய மலை!” என்று அலறுவதைக் கேட்டுச் சிரிப்பது எங்களுக்கு ஒரு பொழுதுபோக்கு.

நிறுத்தும் இடத்தை முடிவு செய்ய வேண்டியதற்கு முந்தின நாள். மாமி தன் இடத்தில் உட்கார்ந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, திரையில் ஒவ்வொரு சரிவாகத் தொட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். எழுதிக்கொண்டிருந்த நான் நிமிர்ந்தேன். சிவப்பு அவருடைய வலது கண்ணில் இருந்தது. நீலம் இடதில்.

முதலில் சிரிப்பு வந்தது. “மேடம், கண்ணாடி” என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. இரண்டு கண்ணும் தெரிகிற எவரும் ஒரு நிமிஷம்கூட அப்படி உட்கார முடியாது. பள்ளமெல்லாம் பொங்கிக்கொண்டு வந்து முகத்தில் இடிக்கும். இவரோ சாவதானமாக “இது சரியறது பார், இது மேடு” என்று போய்க்கொண்டிருக்கிறார். சொன்னது அத்தனையும் சரியாகவும் இருந்தது. பிறகுதான் கவனித்தேன். அவர் அந்தப் படத்தையே பார்க்கவில்லை. கண்ணாடியைக் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டுக்கொண்டு, அதன் விளிம்புக்கு மேலாக, பக்கத்துத் திரையில் இருந்த சாதாரணக் கறுப்புவெள்ளைப் படத்தில் நிழலைப் படித்துக்கொண்டிருந்தார். கண்ணாடி சும்மா, நாங்கள் பார்ப்பதற்காக.

மின்னல், கொசு, டீ, கதவு. ஒவ்வொன்றாக வந்து என் நெஞ்சில் உட்கார்ந்தது. ஏசுவே, இவ்வளவு நாளும் நாங்கள் எதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம்!

சாயங்காலம் ஆபீஸ் வண்டி கிளம்பியதும் கேட்டுவிட்டேன். சுற்றி வளைக்க எனக்கு வராது.

“மாமி, வலது கண்ணு தெரியலைல்ல?”

யாரோ தெரிந்தவர் வீட்டுச் சமாசாரம் போல அவர் சொன்னார். முதலில் மின்னல். அப்புறம் கொசுக் கூட்டம். அப்புறம் காதுப் பக்கத்திலிருந்து ஒரு கறுப்புத் திரை, தினம் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து மூடுவது மாதிரி. விழித்திரை கழன்றுகொண்டு வருகிறது என்று அவருக்கே தெரிந்திருந்தது. எல்லாவற்றையும் படித்துவைத்திருந்தார்.

“டாக்டர் என்ன சொன்னாரு?”

“டாக்டரைப் பாக்கலை. போன்ல நாள் வாங்கி வெச்சிருக்கேன்.”

“எப்போ?”

“அங்க ராத்திரி ஆகட்டும்.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. “கண்ணு மாமி! பல்லா இது, சொத்தையா? திரை இழுத்து மூடுதுன்னு நீங்களே சொல்லுதீங்க, நாள் வாங்கி வச்சிருக்கேன்னும் நீங்களே சொல்லுதீங்க. படிச்சவங்கதானே?”

“போய்க் காட்டினா அன்னிக்கே படுக்கப் போட்டுடுவா. எனக்குத் தெரியாதா? நாளைக்கு ஒரு நாள்டி. இடத்தைச் சொல்லிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போறேன். நிழல் பாக்க ஒரு கண் போதும்.”

“ஒரு கண்ணு போதும்னா அந்த அட்டைய எதுக்குப் போட்டு நடிக்கீங்க?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் முன்பக்கம் குனிந்து, நேராக ஆஸ்பத்திரிக்கு விடச் சொல்லி, “பையா, சீதா ஹாஸ்பிடல் சலோ” என்றேன். அவர் பின்னாலிருந்து, வீட்டுக்கே விடச் சொல்லி, “நஹி பையா, கர் சலோ” என்றார். பாவம், டிரைவர் கண்ணாடியில் எங்களை மாறி மாறிப் பார்த்தார். யார் பெரிய அதிகாரி என்பது அவருக்குத் தெரியும். வண்டி வழக்கம்போல் செம்பூரில் என்னை இறக்கிவிட்டது. கதவைப் படாரென்று சாத்தினேன்.

வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரர், “அவங்க கண்ணு, அவங்க இஷ்டம். சும்மா காலிபீலி நீ ஏன் தலையைக் கொடுக்குற?” என்றார். அவர் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் கூட்டம். எங்கள் கூட்டம் தொடங்குவதற்கு ஒரு முறை உண்டு. படத்தைத் திரையில் போட்டு, எல்லாரும் கண்ணாடி மாட்டிக்கொண்டதும், ஓட்டுகிற ஊரிலிருந்து ஒரு குரல், “ஆழம் தெரிகிறதா?” என்று ஆங்கிலத்தில் கேட்கும். ஒவ்வொருவரும் தனித்தனியாக “எஸ்” சொல்ல வேண்டும். எல்லார் எஸ்ஸும் விழுந்த பிறகுதான் பேச்சே. எப்போதோ எவரோ தூக்கக் கலக்கத்தில் குழியை மேடு என்று சொல்லப் போய் ஏற்பட்ட ஏற்பாடு. தினம் நடப்பது, ஜபத்துக்கு ஆமென் சொல்வது மாதிரி யோசிக்காமல் சொல்லிவிடுவோம்.

குரல் கேட்டது. மாமிதான் முதல்.

“எஸ்” என்றார்.

அடுத்தது நான். அவருக்கு வலது கைப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். “எனக்குத் தெரிகிறது” என்றேன். “மேடத்துக்குத் தெரியவில்லை. ஒரு கண் போய்க்கொண்டிருக்கிறது. இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.”

மாமி என் பக்கம் திரும்பினார். அந்தக் கண் பக்கம் நான் இருந்ததால், என்னைப் பார்க்க அவர் தலையை முழுக்கத் திருப்ப வேண்டியிருந்தது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள். நான் சொன்னதற்கு அதற்குமேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

“வண்டியில சொல்லியிருக்கலாமேடி” என்றார் தமிழில். அந்த அறையில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் அது புரியும்.

“சொன்னேனே மாமி.”

“மேடம்” என்றார். “ஆபீஸ்ல மேடம்.”

ஓட்டுகிற ஊர்க் குரல் மரியாதையாகத்தான் பேசியது. மேடம், உடம்புதான் முக்கியம், நீங்கள் போய்க் காட்டுங்கள், மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றது. அவர் அந்த அட்டைக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கைப்பையை எடுத்துக்கொண்டு, கதவுப்பக்கம் ஒரு கையை நீட்டித் தடவியபடி வெளியே போனார். கூடப் போக என் கால் துடித்தது. போக முடியாது. நிலா வண்டியோடு பேசக் கிடைத்த நேரம் முடிவதற்குள் இடத்தைச் சொல்லியாக வேண்டும். டிரைவருக்குப் போன் போட்டு, மேடத்தை நேராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ என்று சொன்னேன். பிறகு உட்கார்ந்தேன்.

அவர் குறித்துவைத்திருந்த இடம் இரண்டு. ஒன்றில் சரிவு அருமை, ஆனால் போகிற வழியில் கல். இன்னொன்று சுமார், வழி சுத்தம். மாமி இருந்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் சொல்லியிருப்பார். நாங்கள் பேசிப் பேசி, கடைசியில் நான் வழி சுத்தமானதைச் சொன்னேன், மற்றவர்கள் ஒத்துக்கொண்டார்கள். வண்டி போய் நின்றது. எதிர்ப்பக்கம் கை தட்டினார்கள், இங்கேயும் தட்டினார்கள். எனக்குத் தட்டத் தோன்றவில்லை.

வெளியே வந்து டிரைவரைக் கூப்பிட்டேன். மேடம் ஆஸ்பத்திரி வேண்டாம் என்றார்களாம். மாட்டுங்காவில் வீட்டு வாசலில் விட்டாராம். தலையில் அடித்துக்கொண்டேன். ஐரோலியில் ரயிலேறி, தாணேயில் மாறி, நெரிசலில் நசுங்கி மாட்டுங்கா போய்ச் சேர்ந்தேன். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. மாமி ஹாலில் புடவைகூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார். டிவி ஓடிக்கொண்டிருந்தது, அவர் அதைப் பார்க்கவில்லை.

“கிளம்புங்க.”

“நாளைக்குப் போறேன்.”

“நாளைக்குன்னு இன்னொரு வாட்டி சொன்னீங்க, வாசல்ல நின்னு கத்துவேன். தாராவித் தொண்டை மாமி இது. இந்த பில்டிங் பூரா எறங்கி வந்துரும்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். செய்வேன் என்று அவருக்குத் தெரியும். எழுந்து செருப்பை மாட்டினார். அந்தப் பக்கம் ஆட்டோ கிடையாது. டாக்ஸி பிடித்தேன்.

கண் ஆஸ்பத்திரி டாக்டர் மராட்டிக்காரர். வயதில் என்னைவிடச் சின்னவர். வெகுநேரம் உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்தார். மின்னல் எப்போது தெரிய ஆரம்பித்தது என்று கேட்டார். மாமி சொன்னார். அன்றைக்கே வந்திருந்தால் சின்ன லேசர் வேலை, ஒரு மணி நேரத்தில் வீட்டுக்குப் போயிருக்கலாம், ஏன் வரவில்லை என்று அவர் குரலை உயர்த்தினார்.

“அங்க அப்போதான் விடிஞ்சிருந்தது” என்றார் மாமி, தமிழில்.

டாக்டர் என்னைப் பார்த்தார், என்ன சொல்கிறார் என்று. எப்படிச் சொல்ல? அறுபது வயதில், தன் கண்ணைவிட அந்த இடத்தில் அடிக்கிற வெயில்தான் இந்த அம்மாளுக்குப் பெரிது என்று அவருக்கு எந்த பாஷையில் விளக்குவது? வேலை இருந்தது என்று சொல்லிவைத்தேன்.

விழித்திரை நடுமையம்வரை கழன்றுவிட்டது, ஆபரேஷன் செய்கிறேன், எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார். மறுநாளே செய்தார்கள். கண்ணுக்குள் காற்று மாதிரி ஏதோ அடைத்து, அது மேலே எழும்பி விழித்திரையை ஒட்டவைக்க வேண்டும் என்பதற்காக, பகல் இரவு குப்புறவே படுக்கச் சொல்லிவிட்டார்கள். சாப்பிடும்போதும் தலை கவிழ்ந்தே இருக்க வேண்டும். அங்கே நிலாவில் இருட்டியது. எங்கள் அறை காலியானது. ஒருவர் பல் பிடுங்கப் போனார், ஒருவர் குடும்பத்தோடு கோவா போனார். நான் தினமும் மாட்டுங்கா போனேன்.

கட்டிலின் ஓரத்துக்கு வெளியே முகம் தொங்க, மாமி தரையைப் பார்த்துப் படுத்திருப்பார். உட்கார்ந்து பேசினால் அவருடைய பின்னந்தலையோடுதான் பேச வேண்டும். ஆகவே நான் தரையில் மல்லாந்து படுத்துக்கொள்வேன், அவர் முகத்துக்கு நேர் கீழே. சமையலுக்கு வரும் அம்மாள் முதல் நாள் பார்த்துவிட்டுப் பயந்துபோனாள்.

“எனக்குக் கோவம் போகலை” என்றார் மாமி மேலேயிருந்து.

“போக வேண்டாம். எனக்கும்தான் போகலை.”

“அத்தனை பேருக்கு நடுவுல.”

“தனியாச் சொன்னா கேட்டீங்களாக்கும்?”

பிறகு, “எங்கடி நிறுத்தினே?” என்றார். நல்ல கண் அவருக்கு விரிந்து கிடந்தது. நான் எழுந்து போய் டம்ளர், கிண்ணம், ரெண்டு உருளைக்கிழங்கு எல்லாம் எடுத்து வந்து தரையில் பரப்பி, எது எது என்று சொல்லி, மொபைல் டார்ச்சைத் தரையோடு தரையாக வைத்து சூரியனாக்கினேன். டம்ளர் நிழல் நீளமாக ஓடியது. அவர் வெகுநேரம் பார்த்தார்.

“நானா இருந்தா இங்க நிறுத்தியிருக்க மாட்டேன்.”

ஏன் என்று கேட்டேன். “இருக்கட்டும், இனிமே பேசி என்ன?” என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படித் தள்ளினேன் என்று எனக்கே தெரியவில்லை. அம்மா ஆசைப்பட்டபடி ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போனேன். பாட்டுப் புஸ்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு, அந்தக் கும்மிருட்டில் விறைத்துக் கிடக்கும் வண்டியையும், மாட்டுங்காவில் கவிழ்ந்து கிடக்கும் மாமியையும் நினைத்தபடி நின்றேன். இரண்டுமே என் வாயால் ஆனவை. கூட்டத்தில் போட்டு உடைத்தது சரியா? மறுபடி அதே நாள் வந்தாலும் அதையேதான் செய்வேன், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கதவைத் தடவிக்கொண்டு அவர் வெளியே போனது கண்ணைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது. சரியான காரியம் செய்தால் மனசு லேசாகும் என்று யார் சொன்னார்களோ, அவர்களைப் பிடித்துக் கேட்க வேண்டும் போலிருக்கிறது.

நிலாவில் விடிந்தது. முதல் நாள் வண்டியிடமிருந்து சத்தம் இல்லை. மறுநாளும் இல்லை. எங்கள் அறையில் யாரும் யாரையும் நேராகப் பார்க்கவில்லை. அதற்கடுத்த நாள் மத்தியானம், சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருக்கும்போது, எதிர்ப்பக்கக் குரல் உடைந்துபோய்ச் சொன்னது, எழுந்துவிட்டது என்று. கையைக்கூடக் கழுவாமல் மாமிக்குப் போன் போட்டேன்.

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “சமத்து” என்றார்.

“நானா மாமி?”

“வண்டியைச் சொன்னேன்டி.”

நான் சிரித்துக்கொண்டே அழுதேன். டப்பாவில் சோறு ஆறிப்போயிருந்தது.

கண்ணுக்குள் இருந்த காற்று முழுக்கக் கரைந்த பிறகு ஒரு நாள் டாக்டர் வரச் சொல்லியிருந்தார். அங்கே நடுப்பகல். வண்டி ஓடிக்கொண்டிருந்தது. நான் லீவு போட்டேன். பகலில் லீவு கேட்ட முதல் ஆள் எங்கள் அறையில் நான்தான், எல்லாரும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று கிளம்பிவிட்டேன். மாமி பட்டுக்கரைப் புடவை கட்டி, பொட்டு வைத்து, வாசலிலேயே தயாராக நின்றார். ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருக்கும்போது மகன் வீடியோவில் வந்தான்.

“எல்லாம் நன்னாத் தெரியறதுடா. நீ சாப்பிட்டியா?” என்றார் அவனிடம். என் பக்கம் திரும்பவில்லை. அடுத்த மாசம் ஆபீஸுக்கு வரப்போவதாகவும் சொன்னார். அவன் நம்பினான். எனக்கும் நம்ப ஆசையாக இருந்தது.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார், கருவியை நகர்த்திவிட்டு நாற்காலியை அவருக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு நர்ஸ் பின்னால் வந்து மாமியின் இடது கண்ணை உள்ளங்கையால் மூடினாள். வலது கண் திறந்திருந்தது. மாமி நிமிர்ந்து, பரீட்சை எழுத வந்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் இந்தியில் கேட்டார், எத்தனை விரல் என்று.

“மூணு” என்றார் மாமி, பட்டென்று, நல்ல தெம்பான குரலில்.

டாக்டர் இன்னும் கையையே தூக்கவில்லை.